ஆறு பேர்

ஐந்து பேர்தான் இருந்தார்கள்.
பெட்டிக்குக் கைப்பிடி ஆறு.
பெட்ரோல் பங்க்கில் இரவு ஷிஃப்ட் முடித்துக்
காபி குடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து
லோர்ன் கேட்டான்:
உன் முதுகு எப்படி, நல்லா இருக்கா?

இப்படித்தான் நான்
ஆல்வின் ட்ரெட்டியக்கைச் சுமக்கப் போனேன்.
உயிரோடு இருந்தபோது அவர் என்னிடம் பேசியது
மொத்தம் இரண்டு வாக்கியம்.
இரண்டும் டீசல் விலை பற்றி.

மர ஆலையில் முப்பத்தொரு வருஷம்
பேரிங் மாற்றியவர்.
ரம்பம் சுழலச் சுழல
அதன் கனத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு
வாய் திறக்காமல் கிடக்கும் வளையம்.
சத்தம் வந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.
வீட்டில் அவரே சத்தம் போட்டார் என்கிறார்கள்.
கதவு, தட்டு, மனைவி,
எது கையில் கிடைத்தாலும்.

டார்லா அவர் மகள். வயிற்றில் ஏழு மாதம்.
பதினொரு வருஷமாக அப்பாவைப் பற்றி
அவள் சொல்லிவந்தது ஒரே வரி:
ஐ கான்ட் பேர் ஹிம்.
இன்று முன்பக்க இடது கைப்பிடியில் அவள் கை.
வேண்டாம் பெண்ணே என்றார் பாதிரியார்.
ஏற்கெனவே ஒன்றைத் தூக்கிக்கொண்டுதானே நிற்கிறேன்
என்றாள், அவரைப் பார்க்காமலே.

பின்முனையில் வெண்டெல்.
அவன் சனங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர்
கேரியர். சுமப்பவர்.
அதனால் கனமான முனை எப்பவும் எனக்குத்தான் என்றான்.
யாரும் சிரிக்கவில்லை.

பாதை பிரியும் இடத்தில் பலகை: பேர் லெஃப்ட்.
இடப்பக்கம் ஒதுங்கிப் போ என்கிறது.
ஒதுங்கினோம்.
அங்கே நின்றது
கரடி.

ஏப்ரல் மாதத்துக் கரடி.
பனியுறக்கத்திலேயே ஈன்று
பால் கொடுத்து, எலும்பாகி எழுந்து வந்தவள்.
பின்னால் இரண்டு குட்டிகள்,
நனைந்த கம்பளித் துண்டுகள் போல.
ஓட முடியாது. கையில் ஆல்வின்.
இறக்கவும் முடியாது.
கீழே கணுக்கால் அளவு பனிச்சேறு.

நின்றோம்.
விரல்களில் பித்தளை இறங்கிக்கொண்டிருந்தது.
பாதிரியார் மட்டும் ஜெபத்தை நிறுத்தவில்லை;
சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.
நான் கணக்குப் போட்டேன்:
நாங்கள் செய்வது, எதிரில் நிற்பது,
அவள் வயிற்றில் நடப்பது,
அவளால் பதினொரு வருஷம் முடியாமல் போனது,
எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் ஒரே சொல்.
என் மொழியிலும் ஒரு பழஞ்சொல் கிடக்கிறது, பொறை.
பாரம், பொறுமை, கர்ப்பம்
மூன்றும் அதற்குள் அடக்கம்.
கரடி மட்டும் இல்லை.
கரடிக்கு
இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

டார்லாவின் முழங்கை நடுங்கியது.
மாற்றிக்கொள்ளவா என்றேன்.
தலையை மட்டும் அசைத்தாள்.
ஆமாவா, இல்லையா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.
கரடி மூக்கைத் தூக்கி எங்களை முகர்ந்தது.
ஆறு பேர், ஒரு பிணம்,
இன்னும் வெளிவராத ஒன்று.
அதற்குக் கணக்கு சரியாக வந்திருக்க வேண்டும்.
திரும்பி ஊசியிலைக் காட்டுக்குள் போனது.
குட்டி ஒன்று சறுக்கி விழுந்து எழுந்து ஓடியது.

லோர்ன்தான் முதலில் பலகையைப் பார்த்தான்.
பேர் லெஃப்ட் என்று வாசித்தான்.
கரடி போயாச்சு.
அப்போது வந்த சிரிப்பில்
பெட்டியே குலுங்கியது.
டார்லா சிரித்தாள், பிறகு அது சிரிப்பாக இல்லை,
பிறகு நடந்தோம்.

அந்தச் சொல்லின் இறந்தகாலத்தில் ஒரு கூத்து உண்டு.
கடைசி எழுத்தோடு எழுதினால் சுமந்தது.
அது உதிர்ந்தால் பிறந்தது.
காதுக்கு இரண்டும் ஒன்று.
கல்லில் செதுக்குகிறவன் எழுத்துக்குத்தான் காசு வாங்குகிறான்.
ஆல்வின் கல்லில் சின்னதுதான் இருக்கிறது.

ஜூலையில் பங்க்குக்கு வந்தாள்.
பின் சீட்டில் குழந்தை, ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
உள்ளங்கையைக் காட்டினாள்.
கைப்பிடித் தடம் எப்போதோ போய்விட்டது,
இருந்தாலும் காட்டினாள்.
இரவு முழுக்க விழித்த அசதி எனக்கு.
குழந்தையைப் பார்த்து
என் மொழியிலேயே கேட்டுவிட்டேன்:
பேர்?

சட்டென்று கார்க் கதவைச் சாத்தி
அதன்மேல் முதுகைக் கொடுத்து
அவள் காட்டைப் பார்த்தாள்.